ஜூலியோ: போப்பாண்டவரின் சிறு வெள்ளிக்காசு எப்படிப் பணமாக இயங்கியது?

பழைய காசு சேர்ப்பவர்களிடையே ‘வத்திக்கான் காசு’ என்ற பெயர் தாராளமாகப் புழங்குகிறது. போப்பாண்டவரின் பெயரோ, குறுக்காக வைத்த இரண்டு சாவிகளோ கண்ணில் பட்டால் போதும், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். கூடவே சில கதைகளும் வந்துவிடும். காணிக்கைக்கென்றே அடித்த காசு என்பார்கள். ஆசீர்வதித்துக் கொடுத்த பதக்கம் என்பார்கள். கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் பொதுவான பணம் என்பார்கள். இந்த மூன்றும் தவறு. 16, 17ஆம் நூற்றாண்டு ரோமில் ரொட்டிக்கடையிலும் வாடகைக் கணக்கிலும் கூலிப் பட்டுவாடாவிலும் கை மாறிய சாதாரணப் பணம் அது. அந்தப் பணத்தின் நடுநாயகம் ஜூலியோ என்ற சிறு வெள்ளிக்காசு. அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால், அந்தக் கால ஐரோப்பாவின் எந்த வெள்ளிக்காசையும் புரிந்துகொள்ளலாம்.

போப்பாண்டவர் ஏன் காசு அடித்தார்?

இன்று நாம் அறிந்த வத்திக்கான் நகர நாடு 1929இல்தான் பிறந்தது. அதற்கு முன்பு, 1870 வரை, போப்பாண்டவர் இத்தாலியின் நடுப்பகுதியை ஆண்ட அரசர். ரோம், பெருஜியா, அங்கோனா, மாசெராட்டா, பொலோன்யா, 1598 முதல் பெராரா என்று பல ஊர்கள் அவர் ஆட்சியில் இருந்தன. பிரான்சுக்குள் இருந்த அவினியோனும் 1791 வரை அவருடையதே. இந்த நிலப்பரப்பைப் போப் அரசு என்று அழைப்போம். வரி வாங்கவும் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் மற்ற அரசர்களைப் போலவே அவரும் நாணயச்சாலைகளை நடத்தினார். ரோமில் மட்டுமல்ல, மேலே சொன்ன ஊர்களிலும் வெவ்வேறு காலங்களில் காசு அடித்தார்கள்.

1504இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் தம் நாட்டு வெள்ளிக்காசைச் சீர்திருத்தினார். தேய்ந்து மெலிந்திருந்த பழைய காசுக்குப் பதிலாக ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள நல்ல காசு வந்தது. மக்கள் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: ஜூலியோ. 1540இல் மூன்றாம் பவுல் 3.85 கிராம் அளவில் புதிதாக அடித்தபோது அது பாவ்லோ ஆனது. பெயர்தான் இரண்டு, கணக்கில் இடம் ஒன்றே. பிற்காலத்தில் இரண்டு பெயர்களையும் மக்கள் கலந்தே பயன்படுத்தினார்கள். பிளாரன்ஸ் போன்ற அண்டை அரசுகளும் இதே அளவில் தங்கள் காசுகளை அடித்தன. அதனால் ஜூலியோ என்ற பெயரை மட்டும் வைத்து அது போப்பாண்டவரின் காசு என்று முடிவுகட்ட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், ஜூலியோ ஓர் அரசின் காசு. அந்த அரசுக்குத் தலைவராகப் போப்பாண்டவர் இருந்தார் என்பதால்தான் அவர் பெயர் அதில் வருகிறது.

916 நகையிலிருந்து தொடங்குவோம்

நகைக்கடையில் நாம் பார்ப்பது மூன்று விஷயம். முதலில் 916 முத்திரை, அதாவது 1000 பங்கில் 916 பங்கு தங்கம். அடுத்து எடை. மூன்றாவது செய்கூலியும் சேதாரமும். முத்திரை தங்கத்துக்கு மதிப்பை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதற்கு உறுதி சொல்கிறது. அந்த உறுதி இருப்பதால் ஒவ்வொரு முறையும் உரைகல் தேட வேண்டியதில்லை.

ஜூலியோவும் இதே மூன்றில்தான் நிற்கிறது. கணக்குகூட ஒன்றாகவே வருகிறது. 22 காரட் என்பது 24இல் 22, அதாவது 12இல் 11. ரோம் நாணயச்சாலை வெள்ளியின் சுத்தத்தை 12 ஓன்சாவில் எத்தனை ஓன்சா என்று அளந்தது. 17, 18ஆம் நூற்றாண்டு ஜூலியோவுக்கு விதி 11 ஓன்சா. மீதி ஒரு பங்கு செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது, கைமாறக் கைமாறத் தேய்ந்துவிடும். செம்பு சேர்ந்தால்தான் காசு உழைக்கும். இந்தச் சுத்தத்தின் அளவை நம் பொற்கொல்லர்கள் மாற்று என்பார்கள். அந்தச் சொல்லே இங்கும் போதும்.

ரோமின் எடை அளவு லிப்ரா. ஒரு லிப்ரா இன்றைய கணக்கில் ஏறத்தாழ 339 கிராம். அதில் 12 ஓன்சா. ஒரு ஓன்சா சுமார் 28.25 கிராம். 17ஆம் நூற்றாண்டு ஜூலியோவின் எடை ஏறத்தாழ 3.2 கிராம். அதில் 12இல் 11 பங்கு என்றால் 2.93 கிராம் சுத்த வெள்ளி.

இனி செய்கூலி. ஒரு வணிகர் வெள்ளிக்கட்டியை நாணயச்சாலைக்குக் கொண்டுவருகிறார். அதை உருக்கி, மாற்றைச் சரிசெய்து, காசாக அடித்துத் திருப்பித் தருவார்கள். ஆனால் கொண்டுவந்த வெள்ளி முழுவதும் காசாகத் திரும்பாது. ஒரு பகுதி வேலைச் செலவுக்கு. இதை அடிகூலி எனலாம். இன்னொரு பகுதி அரசின் கருவூலத்துக்கு. இது அரசுப் பங்கு. இந்த இரண்டாலும், அடித்த காசு அதே எடை வெள்ளிக்கட்டியைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பில் ஓடும். அந்தக் கூடுதல் சிறியதாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அரசு பேராசைப்பட்டு அதைப் பெரிதாக்கினால் வணிகர்கள் வெள்ளியைப் பக்கத்து அரசின் நாணயச்சாலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இங்கே உலை அணைந்து கிடக்கும். அரசனுடைய ஆணைக்கு எல்லை வகுத்தது இந்தப் போட்டிதான்.

நாணயச்சாலையை அரசே நேரடியாக நடத்தவில்லை. பெரும்பாலும் குத்தகைக்கு விட்டது. 1508இலிருந்து 1520கள் வரை, இடையிடையே விட்டுவிட்டு, ரோம் நாணயச்சாலையை எடுத்து நடத்தியவர்கள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்தார். அவர்கள் காலத்துக் காசுகளில் திரிசூலமும் வளையமும் சேர்ந்த சின்னஞ்சிறு அடையாளம் ஒன்று ஓரத்தில் இருக்கும். மாற்றில் குறை வந்தால் யாரைப் பிடிப்பது என்று காட்டும் பொறுப்புக்குறி அது.

ஒரு லிப்ராவுக்கு இத்தனை காசு

எடையில் தொடங்கும் குழப்பம்தான் புதியவர்களை அதிகம் தடுமாறவைக்கிறது. ‘ஜூலியோ 3.2 கிராம்’ என்றால் ஒவ்வொரு காசும் 3.2 கிராம் என்று பொருளல்ல. விதி அடிப்படையில் கட்டுப்படுத்தியது, ஒரு லிப்ரா வெள்ளியில் எத்தனை காசு என்பதை. 339 கிராமை 3.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 106. அந்த 106 காசும் சேர்ந்து ஒரு லிப்ரா நின்றால், சிறு விலக்கு அனுமதியோடு, விதி நிறைவேறியது. அதற்குள் ஒரு காசு 3.05 கிராமாகவும் இன்னொன்று 3.35 கிராமாகவும் இருக்கலாம். இரண்டும் சட்டப்படி நல்ல காசே.

தராசு வைத்திருந்த காசுமாற்றுபவர்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்தினார்கள். புதுக்காசு வந்ததும் கனமானவற்றைப் பொறுக்கி உருக்கினார்கள், மெலிந்தவற்றைச் செலவழித்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் காசுகளில் எடை குறைந்தவை அதிகம் தென்படுவதற்குத் தேய்மானத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மாற்றைச் சோதித்தது புடம் போட்டு. கொஞ்சம் வெள்ளியை நுட்பமாக எடைபோட்டு, ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் காற்றோடு சேர்ந்து கருகி, அந்தக் கிண்ணத்தின் சுவரிலேயே ஊறிப்போகும். வெள்ளி மட்டும் பளபளக்கும் ஒரு மணியாக நிற்கும். அந்த மணியை மறுபடி எடைபோட்டு, முதல் எடையோடு ஒப்பிட்டால் மாற்று தெரிந்துவிடும். வெப்பம் கூடினால் வெள்ளியும் சிறிது போய்விடும், மாற்று குறைந்ததாகக் காட்டும். வெப்பம் போதாவிட்டால் ஈயம் மிஞ்சி நின்று மாற்று கூடியதாகக் காட்டும். சோதகரின் கைத்திறன் முழுக்க இந்த உலை வெப்பத்தில்தான் இருந்தது.

உலையிலிருந்து அச்சு வரை

16ஆம் நூற்றாண்டில் ஜூலியோவைச் சுத்தியலால்தான் அடித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கெடும் என்று தெரிந்தால், இன்று கையில் இருக்கும் காசின் குறைகள் தாமே பேசும்.

முதலில் உலோகம் உருக்கும் கலமான மூசையில் வெள்ளியையும் செம்பையும் 11க்கு 1 என்று உருக்குவார்கள். மேலே கரித்தூள் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் செம்பு காற்றுபட்டு எரிந்து கழிந்துவிடும்; மாற்று கூடிவிடும், நாணயச்சாலைக்கு நட்டம். உருகியதை நீளப் பட்டைகளாக வார்த்து, சுத்தியலால் தட்டித் தகடாக்குவார்கள். ஜூலியோவின் விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர், எடை 3.2 கிராம், அப்படியானால் தடிப்பு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கையால் ஒரே சீராகத் தட்டுவது கடினம். ஒரே காசில் ஒரு பக்கம் எழுத்து ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தால், தகடு அங்கே மெலிந்திருந்தது என்று பொருள்.

தகட்டைக் கத்தரியால் சதுரமாக வெட்டி, மூலைகளைச் சீவி வட்டமாக்குவார்கள். இந்த அச்சேறாத வட்டத்தை வில்லை என்போம். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துவிடும். அப்படியே அச்சடித்தால் ஓரம் பிளக்கும். அதனால் வில்லைகளைச் செஞ்சூடாகக் காய்ச்சி ஆறவிட்டு இளக்குவார்கள். காய்ச்சியதும் மேலே செம்புக் கறை படிந்து கறுத்திருக்கும். உப்பும், திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் புளிப்பு உப்பும் கலந்த கொதிநீரில் போட்டால் கறை கரைந்து வெள்ளை வெளேரென்று வரும். இந்த வெளுப்பில் மேல்தோலிலிருந்து செம்பு போய்விடுகிறது; தோல் மட்டும் உள்ளிருப்பதைவிடச் சுத்தமான வெள்ளி ஆகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்கும்போது தேவைப்படும்.

அடுத்தது அச்சு. கீழ் அச்சை மரக்கட்டையில் இறுக்கி நட்டிருப்பார்கள். மேல் அச்சை ஒரு கையில் பிடித்து, இடையில் வில்லையை வைத்து, மறுகையால் சுத்தியலை இறக்குவார்கள். முதல் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மேல் அச்சு நகர்ந்தால் எழுத்துகள் இரட்டிப்பாகத் தெரியும். வில்லை நடுவில் உட்காராவிட்டால் எழுத்து வளையத்தின் ஒரு பகுதி காசுக்கு வெளியே போய்விடும். அடியை நேரே வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் தேய்ந்து உடையும். அதனால் ஒரே கீழ் அச்சோடு வெவ்வேறு மேல் அச்சுகள் சேர்ந்த காசுகள் கிடைக்கின்றன.

அச்சு வெட்டுவது பொற்கொல்லரின் வேலை. ஏழாம் கிளமென்ட் காலத்தில், 1529 முதல் சில ஆண்டுகள், ரோம் நாணயச்சாலைக்கு அச்சு வெட்டியவர் பென்வெனுத்தோ செல்லீனி. சிற்பியாகப் பேர் பெற்ற அதே செல்லீனிதான். உருவத்தின் முகம், கை, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஃகு முளைகள் செய்து, அவற்றை அச்சில் அறைந்து இறக்குவார்கள். ஓர் அச்சு உடைந்தாலும் அதே முளைகளால் அடுத்ததைச் செய்யலாம் என்பதே இந்த முறையின் அனுகூலம். 1660களில் ஏழாம் அலெக்சாந்தர் நாணயச்சாலையை வத்திக்கான் பக்கம் கொண்டுசென்று, நீர்விசையில் ஓடும் இயந்திரங்களை வைத்த பிறகு தகடும் வட்டமும் சீராயின.

இதுவரை பார்த்தது: மாற்று 12இல் 11, எடை லிப்ராவுக்கு இத்தனை என்ற கணக்கு, முத்திரை இரண்டுக்கும் உறுதி. ஒரு காசின் எடையும் வடிவமும் அடுத்ததிலிருந்து வேறுபடுவது இயல்பு.

காசில் மதிப்பு எழுதியிருக்கவில்லை

ஜூலியோவை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் ‘இது இத்தனை’ என்ற எண் அதில் கிடைக்காது. மதிப்பை நிர்ணயித்தது அரசின் அறிவிப்பு. எந்தக் காசு எத்தனைக்குச் செல்லும் என்று அச்சிட்டு ஊரில் ஒட்டுவார்கள். எண் இல்லாததில் அரசுக்கு ஒரு வசதியும் இருந்தது. காசைத் தொடாமலே, ஓர் அறிவிப்பில் அதன் மதிப்பை மாற்றிவிடலாம்.

ரோமின் கணக்கு ஏணி இப்படி இருந்தது. அடியில் குவாத்ரீனோ. 5 குவாத்ரீனோ ஒரு பயோக்கோ. 5 பயோக்கோ ஒரு குரோஸோ. 2 குரோஸோ, அதாவது 10 பயோக்கோ, ஒரு ஜூலியோ. 3 ஜூலியோ ஒரு தெஸ்தோனே. 10 ஜூலியோ ஒரு ஸ்கூதோ. ஒரு வியாபாரிக்கு 2 ஸ்கூதோ 37 பயோக்கோ கொடுக்க வேண்டும் என்றால் மொத்தம் 237 பயோக்கோ. 7 தெஸ்தோனே (210), 2 ஜூலியோ (20), ஒரு குரோஸோ (5), 2 பயோக்கோ கொடுத்தால் தீர்ந்தது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. கணக்குப் புத்தகத்தில் எழுதும் ஸ்கூதோ வேறு, கையில் வரும் தங்க ஸ்கூதோ வேறு. முன்னது 10 ஜூலியோவுக்கு வைத்த வெறும் கணக்குப் பெயர். இப்படிப்பட்டதைக் கணக்குப் பணம் என்பார்கள். பின்னது உண்மையான தங்கக்காசு. அதன் விலை தங்கத்தின் விலையோடு ஏறி இறங்கும். 10 ஜூலியோ எடையுள்ள பெரிய வெள்ளிக்காசு அடிக்கத் தொடங்கியதெல்லாம் பின்னால்தான். பழைய ஆவணத்தில் ‘100 ஸ்கூதோ’ என்று பார்த்தவுடன் அதைத் தங்கமாகக் கணக்கிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. எந்த ஸ்கூதோ என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடை ஏன் குறைந்துகொண்டே வந்தது?

1504இல் 4 கிராம், 1540இல் 3.85, 17ஆம் நூற்றாண்டில் 3.2, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 2.64. இந்த எண்களைப் பார்த்ததும் அரசு மக்களை ஏமாற்றியது என்று சொல்லத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதல்ல.

புழக்கத்தில் காசு தேயும். அதோடு ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுப்பவர்களும் இருந்தார்கள். சுத்தியலால் அடித்த காசின் விளிம்பு ஒழுங்கற்றது; 0.2 கிராம் சீவினால் கண்ணுக்குத் தெரியாது. 16 காசில் அப்படிச் செய்தால் ஒரு முழு ஜூலியோவின் வெள்ளி கையில். கடுந்தண்டனை இருந்தும் இது நிற்கவில்லை. எழுத்து வளையத்தைச் சுற்றிப் புள்ளிகளாலான ஓரக்கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு முழுசாக இருந்தால் சீவவில்லை என்று நம்பலாம்.

இப்போது புழக்கத்தில் பாதிக்காசு மெலிந்திருக்கிறது. அரசு மட்டும் பழைய கனத்திலேயே புதுக்காசு அடிக்கிறது. என்ன ஆகும்? பழைய கனக்காசில் 3.5 கிராம் சுத்த வெள்ளி, மெலிந்த காசில் 2.9 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டுக்கும் அதே 10 பயோக்கோ. யாராவது 100 கனக்காசைச் சேர்த்து உருக்கினால் 350 கிராம் வெள்ளி. அது 120 மெலிந்த காசுக்குச் சமம். கனக்காசு அடித்தவுடனே மறைந்துவிடும், அல்லது எல்லை தாண்டிவிடும். கெட்ட காசு நல்ல காசைத் துரத்தும் என்று பொருளியலில் சொல்வது இதைத்தான். அண்டை அரசுகள் தங்கள் காசைக் குறைத்தால், போப் அரசும் குறைத்தே ஆக வேண்டிய நெருக்கடி வரும்.

ரோம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜூலியோவின் எடையைக் குறைத்தது, மாற்றைக் குறைக்கவில்லை. இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். எடைக்குறைவைத் தராசு வைத்திருக்கும் எவரும் கண்டுபிடிக்கலாம். மாற்றுக்குறைவைக் கண்டுபிடிக்கப் புடம் வேண்டும். முதலாவது வெளிப்படையானது, இரண்டாவதுதான் ஏமாற்று.

நெருக்கடி முற்றியபோது நிலைமை வேறாயிற்று. 1780, 90களில் ரோமின் பொது வங்கிகளான சாந்தோ ஸ்பிரித்தோவும் மோந்தே தி பியெத்தாவும் வெளியிட்ட காகிதச் சீட்டுகள் கைமீறிப் பெருகின. வெள்ளி பெட்டிகளுக்குள் போய் ஒளிந்தது. சில்லறைக்கு வழியில்லாமல், அன்னை மரியாவின் முகம் பொறித்த 5 பயோக்கோ செப்புக்காசையும் புனித பேதுரு முகம் பொறித்த 2.5 பயோக்கோ செப்புக்காசையும் அடித்தார்கள். ஒரு காலத்தில் வெள்ளி குரோஸோ வகித்த இடம் செம்புக்குப் போயிற்று.

1835இல் பதினாறாம் கிரகோரி செய்த சீர்திருத்தத்தைப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் தெளியும். பழைய காசு 2.64 கிராம், 12இல் 11 மாற்று. புதியது 2.69 கிராம், ஆனால் மாற்று 1000இல் 900. எடை கூடியது என்று ஒருவர் மகிழலாம், மாற்று குறைந்தது என்று இன்னொருவர் வருந்தலாம். பெருக்கிப் பாருங்கள்: இரண்டிலும் சுத்த வெள்ளி 2.42 கிராம். எதுவும் மாறவில்லை. 1866இல் ஒன்பதாம் பயஸ் ஸ்கூதோவைக் கைவிட்டு இத்தாலியின் பணமான லீராவுக்கு மாறினார். விகிதம் ஒரு ஸ்கூதோவுக்கு 5.375 லீரா. விசித்திரமான எண். ஆனால் ஒரு லீராவின் அடிப்படை 4.5 கிராம் சுத்த வெள்ளி. 5.375ஐ 4.5ஆல் பெருக்கினால் 24.19, ஸ்கூதோவில் இருந்ததும் 24.2 கிராம்தான்.

சுருக்கமாக: எடையை மட்டும் பார்க்காதீர்கள், மாற்றை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டையும் பெருக்கி வரும் சுத்த வெள்ளிதான் காசின் முதுகெலும்பு.

காசின் முகத்தைப் படிப்பது

ஜூலியோவில் பெரும்பாலும் ஒரு பக்கம் போப்பாண்டவரின் குடும்பச் சின்னம், மேலே மும்முடியும் (போப்பாண்டவரின் மூன்றடுக்கு மகுடம்) குறுக்குச் சாவிகளும். மறுபக்கம் புனிதர்கள் அல்லது வேறு காட்சி. இரண்டாம் ஜூலியஸின் காசில் பேதுருவும் பவுலும் நிற்பார்கள். சின்னத்தைத் தெரிந்துவைத்தால் எழுத்து அழிந்த காசையும் அடையாளம் காணலாம். கருவாலி மரம் ஜூலியஸுக்கு; ஆறு லில்லிப் பூ மூன்றாம் பவுலுக்கு; பாதி உடலுள்ள பறவைநாகம் பதின்மூன்றாம் கிரகோரிக்கு; மூன்று தேனீ எட்டாம் உர்பனுக்கு.

ஆண்டைப் பெரும்பாலும் அந்தப் போப்பாண்டவரின் ஆட்சி ஆண்டாக ரோமன் எண்ணில் கொடுப்பார்கள். ஆட்சி ஆண்டு பதவியேற்ற நாளிலிருந்து தொடங்கும், ஜனவரியிலிருந்து அல்ல. எனவே ஓர் ஆட்சி ஆண்டு இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவும். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் கத்தோலிக்கப் புனித ஆண்டுகளான யூபிலி ஆண்டுகளில், அப்போது மட்டும் திறக்கும் பேராலயப் புனிதக் கதவின் உருவம் வரும். 1575, 1600, 1625 என்று தேதி பிடிக்க இது எளிய வழி.

தேனீயில் ஒரு பொறி இருக்கிறது. போப்பாண்டவர் இறந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வரை, கருவூலத்தைக் கவனிக்கும் கமெர்லெங்கோ என்ற கர்தினால் தம் சின்னத்தோடு காசு அடிக்கலாம். அந்தக் காசில் மும்முடி இருக்காது. சாவிகளுக்கு மேல் பாதி விரிந்த குடை இருக்கும். ‘சேதே வகாந்தே’, அதாவது இருக்கை காலி, என்று எழுதியிருக்கும். உர்பனின் உறவினர் அந்தோனியோ பர்பெரீனி 1638 முதல் 1671 வரை கமெர்லெங்கோ. அதனால் 1644, 1655, 1667, 1669 ஆகிய இடைக்காலக் காசுகளிலும் அதே மூன்று தேனீ. தேனீக்கு மேலே மும்முடியா குடையா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

பதினோராம் இன்னொசென்டின் (1676–1689) வெள்ளிக்காசுகளில் படத்துக்குப் பதில் லத்தீன் வாசகம் மட்டும் வருவதுண்டு: வாங்குவதைவிடக் கொடுப்பது மேல், பேராசைக்காரன் நிறையமாட்டான், ஏழைக்குக் கொடுப்பவன் குறைவுபட மாட்டான். பணத்தின் மேலேயே பணத்தைப் பற்றிய எச்சரிக்கை. ஆனால் வேதவாக்கியம் இருப்பதால் அது பதக்கமாகிவிடாது. அதுவும் சந்தையில் ஓடிய காசுதான்.

கையில் ஒன்று வந்தால்

முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடைபோடுங்கள். 17ஆம் நூற்றாண்டு ஜூலியோ 2.9 முதல் 3.3 கிராம் வரை இருந்தால் ஆச்சரியமில்லை. அதற்கு மேல் கணிசமாகப் போனால் சந்தேகப்படுங்கள். தேய்மானம் எடையைக் கூட்டாது.

அடர்த்திச் சோதனையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள்: காற்றில் எடை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் எடை, வித்தியாசத்தால் வகுத்தல். 12இல் 11 மாற்று வெள்ளிக்கு விடை சுமார் 10.3 வர வேண்டும். பெரிய காசுக்கு இது நல்ல சோதனை. ஜூலியோவுக்கு அல்ல. 3.20 கிராம் காசு தண்ணீரில் இழப்பது 0.31 கிராம்தான். தராசு 0.01 பிசகினாலே விடை 10.0 ஆகவோ 10.7 ஆகவோ மாறிவிடும். 0.001 கிராம் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காசில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் விடை கெடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

எக்ஸ்ரே கருவியில் மாற்றுப் பார்த்தால் சில சமயம் 94, 95 சதவீதம் என்று காட்டும். உடனே போலி என்று தள்ள வேண்டாம். அந்தக் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கிறது. தோலில் செம்பு குறைந்திருப்பது வெளுப்பு வேலையின் விளைவு. தேய்ந்த மேட்டுப்பகுதியில் மறுபடி அளந்தால் எண் இறங்கும்.

வார்த்து எடுத்த போலியில் எழுத்தின் அடிப்பகுதி கூர்மையாக இராது, மெழுகு போல வழிந்திருக்கும். உருப்பெருக்கியில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் பேச்சே வேண்டாம். துளையோ, துளையை அடைத்த தடமோ இருந்தால் யாரோ கழுத்தில் அணிந்திருந்தார்கள் என்று கொள்ளலாம். காசு உண்மையாகவே இருக்கலாம், விலை மட்டும் குறையும். ஆண்டுதோறும் பேதுரு–பவுல் திருநாளான ஜூன் 29ஐ ஒட்டிப் போப்பாண்டவர் பெயரில் வெளியிட்டுவந்த பதக்கங்கள் இவற்றோடு கலந்து விற்பனைக்கு வரும். அவை கனமாக, தடிப்பாக, உருவம் மேடிட்டு இருக்கும். ஜூலியோ நகக்கண் போல மெல்லியது.

கறுத்திருந்தால் பல்பொடியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கக் கூடாது. வெளுத்த மேல்தோல் மிக மெல்லியது. அது போனால் அடியில் மந்தமான நிறம் வந்துவிடும், திரும்ப வராது. அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், பஞ்சின் மேல் கவிழ்த்து உலர விடுங்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுக்கும்; அது காசின் செம்பு அரிபடுவதன் அறிகுறி. பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித உறையோ வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே வைக்கும் சீட்டில் எடையை எழுதிவையுங்கள்.